ரசிகர்கள் எழுதிவைத்த விளையாட்டு

2025 ஒக்ரோபர் 28, செவ்வாய்க்கிழமை. யாழ்ப்பாணத்தில் விடியற்காலை ஐந்தரை தாண்டியதும் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு பேஸ்போல் ஆட்டம் தொடங்கியது. அங்கே இன்னும் திங்கட்கிழமை மாலை. வட அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்போல் கிண்ணத்தைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், ரொறன்ரோ புளூ ஜேய்ஸுக்கும் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுக்கும் நடுவில். ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் சமநிலை உடையாமல் பதினெட்டு இன்னிங்ஸ் வரை இழுபட்டது. மொத்தம் 6 மணி 39 நிமிடம். டொட்ஜர்ஸ் வீரர் ஃபிரெடி ஃபிரீமன் பந்தை வேலிக்கு வெளியே அடித்து 6-5 என்று முடித்துவைத்தபோது இங்கே மத்தியானம் பன்னிரண்டேகால் கடந்துவிட்டது. இடையிடையே ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து என் மச்சானின் குரல்செய்திகள் வந்துகொண்டிருந்தன: "எழும்பீட்டியோ? இன்னும் முடியேல்லையடா. நான் நித்திரை கொள்ளப் போறேல்லை."

யாழ்ப்பாணம் பேஸ்போலுக்குப் பேர்போன ஊர் அல்ல. இங்கே துடுப்பாட்டம், உதைபந்தாட்டம், கரப்பந்து. ஆனால் ரொறன்ரோ எங்களுக்கு அந்நிய ஊரும் அல்ல. புளூ ஜேய்ஸ் 1992இலும் 1993இலும் அடுத்தடுத்துக் கிண்ணம் வென்றது. 1993இல் ஜோ கார்ட்டர் அடித்த ஒரே அடியில் தொடர் முடிந்தது. போரால் ஊரைவிட்டுப் போனவர்கள் அந்த நகரத்தில் வந்திறங்கிக்கொண்டிருந்த காலமும் அதுதான். அவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அந்த நீலத் தொப்பியோடு வளர்ந்தவர்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பாட்டன் பாட்டிக்கு அவர்கள் விளக்கிச் சொல்லும் முதல் அமெரிக்க விளையாட்டு பேஸ்போலாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. எனக்கும் இந்தப் பைத்தியம் அப்படித்தான் தொற்றியது.

பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. பேஸ்போலைப்பற்றி இன்று உலகம் அறிந்து வைத்திருப்பதில் மிகப் பெரிய பங்கு, சம்பளமும் பதவியும் இல்லாத ரசிகர்கள் எழுதிவைத்தது. தொழில்நுட்பம் அதற்குப் பின்னால்தான் வந்தது. எங்கள் விளையாட்டுகளுக்கும் இது மிகவும் தேவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஆட்டம் எங்கள் கைத்தொலைபேசிக்கு எப்படி வருகிறது என்று பார்ப்போம். மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது, மொத்தம் 2,430 ஆட்டங்கள். எந்தத் தொலைக்காட்சியாலும் இவ்வளவையும் எல்லோருக்கும் காட்ட முடியாது. ஊர்மாறிப் போன ரசிகருக்குத் தன் பழைய அணியைப் பார்க்க வழியில்லை. 2000ஆம் ஆண்டில் 30 அணிகளும் சமபங்கு போட்டு இணையத்துக்கென்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கின. 2002 ஓகஸ்ட் 26இல் நியூயோர்க் யாங்கீஸுக்கும் டெக்சாஸுக்கும் நடந்த ஆட்டம் இணையத்தில் நேரலையாகப் போனது. சுமார் 30,000 பேர் பார்த்தார்கள். வீட்டு இணைய இணைப்புகள் இன்னும் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல். அந்த நிறுவனம் வளர்த்தெடுத்த நேரலைத் தொழில்நுட்பத்தைப் பிறகு எச்பிஓ வாடகைக்கு எடுத்தது, டிஸ்னி விலைக்கே வாங்கியது. 2019 நவம்பரில் தொடங்கிய டிஸ்னி பிளஸ் அந்த அடித்தளத்தின் மேல் நிற்கிறது. இன்று ஒருவர் வீட்டிலிருந்து படம் பார்க்கும்போது அதன் வேர் ஒரு பேஸ்போல் ரசிகரின் ஏக்கத்தில் இருக்கிறது.

ஆனால் டேட்டா முடியப்போகிற நாளில் நான் படம் பார்ப்பதில்லை, புள்ளிகளைப் பார்க்கிறேன். திரையில் ஒரு செவ்வகப் பெட்டி. ஒவ்வொரு பந்தும் அந்தப் பெட்டிக்குள்ளோ வெளியிலோ ஒரு புள்ளியாக விழுகிறது. பக்கத்தில் வேகம், பந்தின் வகை, எவ்வளவு வளைந்தது என்ற எண்கள். சில செக்கன்களில் கலிபோர்னியாவில் வீசிய பந்து கோண்டாவிலில் என் போனில் புள்ளியாகிவிடுகிறது.

துடுப்பாட்டம் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பெட்டியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பேஸ்போலில் விக்கெட் கிடையாது. தரையில் பதித்த 17 அங்குல அகலத் தட்டுக்கு மேலே, அடிப்பவரின் உயரத்துக்கு ஏற்ற ஒரு கற்பனைச் செவ்வகம்தான் விக்கெட். பந்து அதற்குள்ளால் போனால், அடிக்காமல் விட்டாலும் அது 'ஸ்ட்ரைக்'. மூன்று ஸ்ட்ரைக் என்றால் ஆட்டமிழப்பு. அடிக்காமல் விட்டது வெளியே போனால் 'போல்', நான்கு போல் சேர்ந்தால் அடிப்பவருக்கு, ஓடிச் சுற்றவேண்டிய தளங்களில் முதலாவது இலவசம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெட்டியை நூற்றைம்பது வருடமாக ஒரு நடுவர் மனத்தாலேயே வரைந்துவந்தார். மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து பெட்டியின் விளிம்பை உரசியதா என்று அரை நொடியில் சொல்வது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு கடினம் என்று எங்கள் எல்பிடபிள்யூ சண்டைகளைக் கண்டவர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் கதை எங்கள் பக்கம் திரும்புகிறது. 2006இன் இறுதிச்சுற்று ஆட்டங்களில் கமராக்களைக் கொண்டு பந்தின் பாதையை அளக்கத் தொடங்கினார்கள். 2015இல் எல்லா மைதானங்களிலும் 'ஸ்டாட்காஸ்ட்' என்ற அளவீட்டு முறை வந்தது, அப்போது ரேடார். 2020இலிருந்து அந்த வேலையைச் செய்வது ஹோக்-ஐ. ஆம், எங்கள் டிஆர்எஸ் பார்க்கும் அதே ஹோக்-ஐ. போல் ஹோக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் துடுப்பாட்டத்துக்காக உருவாக்கி, 2001இல் லோர்ட்ஸில் இங்கிலாந்தும் பாகிஸ்தானும் மோதிய டெஸ்ட் ஒளிபரப்பில் முதலில் காட்டியது. இப்போது ஒவ்வொரு பேஸ்போல் மைதானத்திலும் 12 கமராக்கள் பந்தையும் வீரர்களின் கைகால் அசைவையும் பின்தொடர்கின்றன. நடுவரின் தீர்ப்பை வீரர்கள் மேன்முறையீடு செய்யும் முறை முதன்முதலில் டெஸ்டில் பரீட்சிக்கப்பட்டதும் எங்கள் நாட்டில்தான், 2008இல், இந்திய அணி இலங்கை வந்தபோது. அஜந்த மெண்டிஸ் 26 விக்கெட் எடுத்த அந்தத் தொடரில் முறையீடுகள் இந்தியாவுக்குக் கைகொடுக்கவில்லை. அதன்பிறகு 2016 வரை அவர்கள் அந்த முறையை முழுமனதோடு ஏற்கவே இல்லை.

இந்த உறவு அதைவிடப் பழையது. பேஸ்போலின் ஸ்கோர் அட்டையை 1859இல் வடிவமைத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், நியூயோர்க் பத்திரிகைகளுக்குத் துடுப்பாட்டச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். ஓர் ஆட்டத்தைப் பெயர்களும் எண்களுமாக ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் துடுப்பாட்டத்திலிருந்தே கிடைத்தது.

2026 பருவத்திலிருந்து மேஜர் லீக்கில் அந்தப் பெட்டிக்கும் முறையீடு வந்திருக்கிறது. அடிப்பவர், வீசுபவர், பின்னால் பிடிப்பவர் ஆகிய மூவரில் ஒருவர் தொப்பியைத் தட்டினால் போதும், மைதானத் திரையில் பந்தின் பாதை ஓடிக் காட்டி முடிவு சொல்கிறது. அணிக்கு இரண்டு வாய்ப்பு. சரியாகச் சொன்னால் வாய்ப்பு குறையாது. தென்கொரியா இன்னும் ஒரு படி தாண்டி, 2024இலிருந்தே எல்லாப் பந்துக்கும் தீர்ப்பைக் கணினியிடமே விட்டுவிட்டது. நடுவர் காதில் கேட்பதை உரக்கச் சொல்கிறார். என் மனம் அமெரிக்க வழியின் பக்கம்தான். பந்தைப் பிடித்த கையை நுணுக்கமாக அசைத்து விளிம்புப் பந்தை ஸ்ட்ரைக்காகக் காட்டும் கலையைப் பிடிப்பவர்கள் வருடக்கணக்காகப் பயின்றிருக்கிறார்கள். கொரிய முறையில் அது செத்துப்போகும், அமெரிக்க முறையில் உயிரோடு இருக்கும். தவறு பெரிதாக நடந்தால் திருத்தவும் வழி உண்டு.

தொழில்நுட்பம் எல்லாவற்றையும் நல்லதாக்கிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. எண்கள் கிடைத்ததும் அணிகள் புத்திசாலித்தனமாக ஆடத் தொடங்கின, அந்தப் புத்திசாலித்தனம் ஆட்டத்தைச் சலிப்பாக்கியது. இடதுகைக்காரர் பெரும்பாலும் வலப்பக்கம்தான் அடிக்கிறார் என்று தெரிந்தால் களத்தடுப்பாளர்களை எல்லாம் அங்கேயே நிறுத்தினார்கள். அப்படியென்றால் அவர்களின் தலைக்கு மேலால் அடிப்போம் என்று அடிப்பவர்கள் மட்டையின் கோணத்தை மாற்றினார்கள். பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன் கூடியது, மட்டையை வெற்றாக வீசி ஆட்டமிழப்பதும் கூடியது, பந்து தரையில் ஓடுவதும் ஆள் ஓடுவதும் குறைந்தது. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் யோசனை நீண்டது. 2022இல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் ஒன்று சராசரியாக 3 மணி 4 நிமிடம் பிடித்தது. 2023இல் பந்து வீசுவதற்குக் கடிகாரம் வைத்தார்கள், தளத்தில் ஆள் இல்லாவிட்டால் 15 செக்கன். களத்தடுப்பாளர்களை ஒரே பக்கம் குவிப்பதற்கும் தடை போட்டார்கள். அதே ஆண்டில் சராசரி சுமார் 2 மணி 40 நிமிடமாக இறங்கியது. அடுத்து ஐசிசியும் ஓவர்களுக்கு இடையில் 60 செக்கன் கடிகாரத்தைக் கொண்டுவந்தது.

இனி நான் சொல்ல வந்த ரசிகர்கள்.

1970களில் கன்சாஸ் மாநிலத்தில், பன்றியிறைச்சியும் அவரையும் அடைக்கும் ஒரு தகரத் தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக இருந்தவர் பில் ஜேம்ஸ். இரவில் ஸ்கோர் அட்டைகளைக் கூட்டிக் கழித்து, 1977இல் தன் கணக்குகளைத் தானே அச்சடித்து விற்றார். அவர் கேட்ட கேள்விகள் எளியவை. தவறவிட்ட பந்துகளை எண்ணி ஒரு களத்தடுப்பாளரை மதிப்பிடுகிறார்கள், பந்தின் பக்கத்துக்கே ஓடிப் போகாதவன் எப்படித் தவறவிடுவான்? அதனால் தவறுகளை விட்டுவிட்டு, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை பேரை ஆட்டமிழக்க வைத்தான் என்று எண்ணினார். எங்கள் பாடசாலை அணியில் 'கைப்பிடி சுத்தம்' என்று பெயர் வாங்கியவர்களில் எத்தனை பேர் கஷ்டமான பந்துக்கு ஓடாதவர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நல்ல கேள்வி ஒன்று பேஸ்போலோடு நின்றுவிடுவதில்லை.

1990களில் அந்தக் கேள்விகள் இணையத்துக்குப் போயின. உலாவிகள் பரவலாகும் முன்பே யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்களில் பேஸ்போல் ரசிகர்கள் இரவு பகலாக வாதம் செய்தார்கள். அவர்களில் சிலர் 1996இல் சொந்தமாக ஆய்வு வெளியீடு தொடங்கினார்கள். வோரோஸ் மெக்ராக்கன் என்ற ரசிகர் அந்த வட்டாரத்தில்தான் ஒரு விபரீதமான கருத்தை வைத்தார்: அடிக்கப்பட்ட பந்து களத்தில் விழுந்து ஓட்டமாவதா, யாரிடமாவது பிடிபடுவதா என்பதில் பந்துவீச்சாளருக்கு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவான கட்டுப்பாடே இருக்கிறது. அவர் கையில் இருப்பவை ஸ்ட்ரைக் அவுட், இலவசத் தளம், ஹோம் ரன் ஆகியவைதான். நூறு வருட நம்பிக்கைக்கு எதிரான பேச்சு. பலர் சிரித்தார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். பொஸ்டன் அணி 2002இல் பில் ஜேம்ஸை வேலைக்கு எடுத்தது, மெக்ராக்கனையும் எடுத்தது. 1918க்குப் பிறகு கிண்ணமே காணாத அந்த அணி 2004இல் வென்றது.

ஜேம்ஸைவிட, மெக்ராக்கனைவிட என் மனதுக்கு நெருக்கமானது வேறொரு வேலை. டெலவெயர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்த டேவிட் ஸ்மித் 1989இல் 'ரெட்ரோஷீட்' என்று ஒன்றைத் தொடங்கினார். நோக்கம் ஒன்றுதான்: நடந்து முடிந்த எல்லா ஆட்டங்களையும் அடிக்கு அடி மீட்டெடுத்து இலவசமாகக் கொடுப்பது. அணிகளின் பழைய ஸ்கோர் புத்தகங்களைக் கேட்டு வாங்கினார்கள். பத்திரிகைச் செய்திகளைத் துழாவினார்கள். மைதானத்தில் பென்சிலால் குறித்த அட்டையை வீட்டுப் பரணில் போட்டுவைத்திருந்த ரசிகர்களைத் தேடிப் போனார்கள். தொண்டர்கள் இருந்து தட்டச்சு செய்தார்கள். அந்தத் தரவை யாரும் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். எங்கிருந்து கிடைத்தது என்று சொன்னால் போதும். இன்று பேஸ்போல் வரலாற்றைப்பற்றி எழுதும் எவரும், பெரிய தொலைக்காட்சிகள் உட்பட, இந்தத் தொண்டர்களின் கைவேலையின் மேல்தான் நிற்கிறார்கள்.

இந்தப் பொறுமை நீதி கேட்கவும் உதவியது. 2017இல் கிண்ணம் வென்ற ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், எதிரணியில் பிடிப்பவர் பந்துவீச்சாளருக்குக் காட்டும் சைகைகளைக் கமராவில் பார்த்து, அடுத்து வரும் பந்து எதுவென்று குப்பைத் தொட்டியில் தட்டித் தன் வீரர்களுக்கு அறிவித்தது என்று 2019 நவம்பரில் ஒரு முன்னாள் வீரர் சொன்னார். சில மணி நேரத்துக்குள் ரசிகர்கள் பழைய வீடியோக்களைத் திறந்து தட்டும் சத்தத்தை எல்லோரும் கேட்கும்படி போட்டுவிட்டார்கள். அதோடு விடாத ஒருவர் இருந்தார், அதுவும் ஹூஸ்டன் அணியின் ரசிகர், இணைய மென்பொருள் எழுதுபவர். 58 ஆட்டங்களின் 8,200க்கும் மேற்பட்ட பந்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒலியலை வரைபடத்தில் சரிபார்த்து, 1,143 பந்துகளுக்கு முன்னால் தட்டும் சத்தம் இருப்பதைப் பதிவு செய்தார். தான் நேசித்த அணியின் குற்றத்தைத் தானே எண்ணி ஊருக்கு முன்னால் வைத்த அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். இணையத்தில் ரசிகன் என்றாலே வசைபாடுபவன் என்று நினைக்கும் காலத்தில் இப்படியும் ஒருவர். லீக் 50 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது, முகாமையாளரையும் பொதுமேலாளரையும் ஒரு வருடம் தடை செய்தது. 2022இலிருந்து சைகைக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தினால் தொப்பிக்குள் குரல் கேட்கும் கருவி வந்துவிட்டது.

அதே தரவு வேறு கைகளுக்கும் போகிறது. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் விளையாட்டுப் பந்தயம் மாநிலத்துக்கு மாநிலம் சட்டபூர்வமானது. அடுத்த பந்து போலா ஸ்ட்ரைக்கா என்பதற்கே போனில் காசு கட்டலாம் என்றானது. 2025 நவம்பரில் கிளீவ்லாண்ட் அணியின் இரு பந்துவீச்சாளர்கள், சொல்லிவைத்து வெளியே வீசினார்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டார்கள். தோற்ற பந்தயக்காரர்கள் வீரர்களின் குடும்பங்களுக்குக் கொலைமிரட்டல் அனுப்புவதும் நடக்கிறது. எங்கள் பொடியங்களின் போன்களிலும் பந்தய விளம்பரங்கள் வந்து விழும் இந்த நாளில் இதைத் தூரத்து அமெரிக்கச் சங்கதி என்று தள்ளிவிட என்னால் முடியாது. பெற்றோரும் விளையாட்டு ஆசிரியர்களும் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும்.

இனி எங்கள் ஊர். ரசிகனின் ஆர்வம் இங்கே என்றும் குறைந்ததில்லை. 1990களில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டது இந்த ஊர். செய்தி முடிந்ததும் சுற்றியவர் கை மாறும், துடுப்பாட்ட வர்ணனை தொடரும். ஆனால் அந்த ஆர்வம் எழுத்தாக எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் பெருஞ்சமர் 1904இல் தொடங்கியது. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் நடக்கவில்லை. மற்றபடி நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான பந்துகள். யார் வென்றார், யார் சதம் அடித்தார் என்பவை பாடசாலை மலர்களில் இருக்கும். பந்துக்குப் பந்து என்ன நடந்தது என்பது, மிஞ்சியிருந்தால், ஒரு நீண்ட ஸ்கோர் புத்தகத்தின் சிறு கட்டங்களுக்குள் இருக்கும். ஒரு புள்ளி என்றால் ஓட்டமில்லாப் பந்து, ஆறு புள்ளியும் இணைத்தால் ஓட்டமற்ற ஓவர். எல்லே ஆட்டத்துக்கு அதுவும் இல்லை. பேஸ்போலுக்கு மிக நெருங்கிய எங்கள் நாட்டு விளையாட்டு, பாடசாலைகள் தோறும் ஆடுகிறோம், முடிவைத் தவிர எதையும் எழுதிவைப்பதில்லை.

கடதாசிக்கு இந்த ஊரில் என்ன நடக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் பொது நூலகத்தில் எரிந்த புத்தகங்கள் சுமார் 97,000. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிந்தது. எரியாமல் தப்பியவற்றைக் கறையானும் இடப்பெயர்வும் கொண்டுபோயின. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் தொண்டர்கள் பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் படம் எடுத்து ஏற்றி வருகிறார்கள். ரெட்ரோஷீட்காரர்கள் செய்ததும் இதே வேலைதான், அவர்கள் இன்னும் ஒரு படி போய் ஒவ்வோர் அடியையும் எண்ணாக மாற்றினார்கள். அந்தப் படியை நாங்களும் ஏறலாம்.

அதற்குப் 12 கமரா தேவையில்லை. வருகிற பெருஞ்சமரின் ஸ்கோர் புத்தகத்தை, ஆட்டம் முடிந்த அன்று மாலையே, பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துவிடலாம். ஓர் இன்னிங்ஸைப் பந்துக்குப் பந்து விரிதாளில் ஏற்ற, பழகிய ஒருவருக்கு ஒரு பின்னேரம் போதும். பிறகு ஒவ்வொரு வருடமாகப் பின்னோக்கிப் போகலாம். கட்டத்துக்குள் இருக்கும் பழைய குறிகளை வாசிக்கத் தெரிந்த ஸ்கோரர்மார் ஊரிலும் இருக்கிறார்கள், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுபது எண்பது வயது. அங்கே வீட்டுப் பெட்டிகளுக்குள் இருக்கும் அட்டைகளைக் கேட்டு வாங்க, பதினெட்டு இன்னிங்ஸுக்கும் நித்திரை முழிக்கும் மச்சான்மார் போதும். கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் அலுமாரியைத் திறந்துவிட வேண்டும், விளையாட்டு ஆசிரியர் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும், உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு அதைச் செயற்றிட்டமாகக் கொடுக்க வேண்டும்.